தாத்தா பட்டை உரித்த காடு

நாள் 1: கோத்தகிரி

காலாண்டு லீவுக்கு எங்கேயாவது கூட்டிப் போகிறேன் என்று அண்ணன் மகளிடம் சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். இந்தத் தடவை குட்டி விடுவதாக இல்லை. ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு, 'வெப்பமண்டல மழைக்காடுகள் அழிப்பு: காரணங்களும் விளைவுகளும்'. பிரவுசிங் சென்டரில் அமேசான் படங்களைக் கலர் பிரின்ட் எடுத்து வைத்திருந்தாள். ஒரு புல்டோசர், புகை, சாய்ந்து கிடக்கும் மரம், ஓரத்தில் ஒரு கிளி. "இதை ஒட்டிட்டா முடிஞ்சிரும் அத்தை" என்றாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அமேசானுக்கு எதுக்குப் போகணும்? சின்னப் பாட்டி பந்தலூர்ல இருக்குதே, அங்க இருந்ததும் மழைக்காடுதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

திருப்பூரிலிருந்து விடியற்காலை பஸ், மேட்டுப்பாளையத்தில் இட்லி, அங்கிருந்து கோத்தகிரி பஸ். கார்க்காரர்களுக்குத்தான் ஈ-பாஸ் தொல்லை. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கிறது. அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களை யாரும் கேட்பதில்லை. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பின் சீட்டுக்காரர் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை மனசில்லாமல் கொடுத்தார்.

லாங்வுட் சோலை கோத்தகிரி ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்க, நடுவில் தப்பித்து நிற்கிறது. கீழே இருக்கும் பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் இறங்குகிறது. 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் செய்திக்குறிப்பில் 'சோலை' என்ற தமிழ்ச் சொல்லுக்கு 'வெப்பமண்டல மழைக்காடு' என்றே பொருள் போட்டிருந்தார்கள். குட்டியிடம் சொன்னேன். "அப்ப தலைப்புல இருக்கிறதும் இதுதானா?" என்று ஒரு மாதிரி பார்த்தாள்.

அனுமதி வாங்கி, வனத்துறை ஆள் ஒருவரோடு உள்ளே போனோம். பத்து அடி வைப்பதற்குள் வெளிச்சம் பாதியாகிவிட்டது. ஊட்டிப் படங்களில் வருவது போல நெட்டையான மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்திக்கொண்டு, தலையைத் தலை இடித்துக்கொண்டு நிற்கின்றன. தளிர்கள் சிவப்பாக இருந்தன. நாவல் வகை எது, காட்டுச் செண்பகம் எது என்று அவர் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் இன்றைக்கு முழுக்க மனசில் நிற்கிறது. ஒரு குச்சியை எடுத்துக் கீழே கிடந்த சருகை விலக்கினார். மேலே காய்ந்த இலை. அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய, சல்லடை போன்ற இலை. அதற்கும் அடியில் கறுப்பாக, காபித்தூள் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு இருக்குமே, அந்த மாதிரி. ஒரு கை அள்ளி முஷ்டியை இறுக்கினார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. சொட்டு இல்லை, ஒரு கோடாகவே இறங்கியது. "மழை பெஞ்சு நாலு நாளாச்சு" என்றார். குட்டி ஒரு கை அள்ளி டிபன் பாக்ஸில் போடப் பார்த்தாள். "அதெல்லாம் எடுக்கக் கூடாது பாப்பா" என்றார். போட்டுவிட்டாள். அதற்குள் அவள் கணுக்காலில் ஒரு அட்டை ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தக் கூச்சலில் சோலையில் இருந்த பறவை எல்லாம் பறந்திருக்கும்.

வெளியே வந்து சாலை ஓரத்தில் ஒரு கற்பூர மரத் தோப்பு. வெளியூரில் தைல மரம், யூகலிப்டஸ். இங்கே கற்பூர மரம். குட்டி தானாகவே போய்ச் சருகை விலக்கினாள். மொறுமொறுவென்று உடைந்தது. மண்ணை அள்ளிப் பிழிந்தாள். கையில் தூசியும் தைல வாசனையும்தான். ஒரு கைப்பிடி மண்ணை வைத்து முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனால் ஊட்டியில் உள்ள மண், நீர்வள ஆய்வு மையத்துக்காரர்கள் இதையே பல வருஷம் கிளென்மார்கன் பக்கம் அளந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடைப் பள்ளங்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள், இன்னொன்றின் புல்லில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட ஓடையில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு தூர் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம்.

சாயந்திரம் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவையும் பார்த்தோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து இங்கேதான் முதலில் குடியிருந்தார். மியூசியம் மூடும் நேரம். எட்டிப் பார்த்ததோடு சரி.

நாள் 2: ஊட்டி, அவலாஞ்சி

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வரிசையாகத் தைலக் கடைகள். 'நீலகிரித் தைலம்.' இதைப் பற்றி யோசித்தால் சிரிப்பு வருகிறது. மரம் ஆஸ்திரேலியாக்காரன். 1843-இல் இங்கே வந்தது. இப்போது தைலத்துக்கு இந்த மலையின் பெயர். கர்நாடகத்தில் மரத்துக்கே நீலகிரி என்றுதான் பெயர். குடி வந்தவன் வீட்டுப் பட்டாவையும் எழுதி வாங்கிவிட்டான்.

ஆனால் அவனை மட்டும் திட்டிப் பயனில்லை. சல்லிவனுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் குளிருக்கு எரிக்கவும் வீடு கட்டவும் ஊட்டியைச் சுற்றி இருந்த சோலைகளை வெட்டித் தள்ளினார்கள். சோலை மரம் வளர ஒரு தலைமுறை போதாது. விறகுக்குப் பஞ்சம் வந்தது. சோலை மிஞ்ச வேண்டுமானால் சீக்கிரம் வளரும் மரம் ஒன்று வேண்டும் என்றுதான் கற்பூர மரத்தையும், வாட்டில் என்கிற சீகை மரத்தையும் பெருவாரியாக நட்டார்கள். அதாவது, சோலையைக் காப்பாற்ற வந்த மரம். நடுவதற்குச் சோலையை வெட்ட வேண்டாம், சும்மா கிடக்கும் புல்வெளி இருக்கிறதே என்று நினைத்தார்கள். கணக்கில் புல்வெளிக்குப் பெயர் தரிசு. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கணக்குத்தான். தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் நூலுக்குக் கூழ் என்று 1980-கள் வரை புல்வெளியில் நட்டுக்கொண்டே போனார்கள்.

தங்கிய லாட்ஜின் பெயர் வேண்டாம். பாத்ரூம் சுவரில் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. காலையில் வாசலில் தண்ணீர் லாரி நின்றது. பவானி, பைக்காரா, குந்தா எல்லாம் பிறக்கிற மலையில் லாரித் தண்ணீர்.

அவலாஞ்சிக்கு மத்தியானம் போனோம். ஊர்ப் பெயரே ஒரு நிலச்சரிவால் வந்ததுதான். 1800-களின் தொடக்கத்தில் இங்கே மலை ஒன்று சரிந்தது, வெள்ளைக்காரன் தன் பாஷையில் அதற்கு வைத்த பெயரைத்தான் நம் வாய்க்குத் தகுந்தபடி அவலாஞ்சி ஆக்கிக்கொண்டோம். 2019 ஆகஸ்டில் ஒரே 24 மணி நேரத்தில் இங்கே பெய்த மழை 911 மில்லிமீட்டர். திருப்பூரில் ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2009 நவம்பரில், கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர். அப்போது மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அம்மா அன்றைக்கு ராத்திரி பூராவும் பந்தலூர்ச் சித்திக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது. லைன் கிடைக்கவே இல்லை.

குட்டி நோட்டில் 'விளைவு: நிலச்சரிவு' என்று எழுதிக்கொண்டாள். நான் ஒரு திருத்தம் சொன்னேன். 911 மில்லிமீட்டர் கொட்டினால் சோலை இருந்தாலும் சரியும். 2019-இல் மனிதன் கை படாத சரிவுகளும் பிய்த்துக்கொண்டு வந்தன. காடு இருந்தால் எதுவும் நடக்காது என்பது சும்மா பேச்சு. ஆனால் சரிவை நேராக வெட்டி ரோடு போட்டு, மேலே கேரட் தோட்டத்துக்கு வரப்பைச் சரிவோடு இழுத்துவிட்டு, கீழே மூன்று மாடி கட்டினால், 911 வேண்டாம், அதில் கால்வாசியே போதும். சாதாரண மழைக்கே சரிகிற இடங்கள்தான் கூடியிருக்கின்றன. இதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. "நீளமா இருக்கு அத்தை."

திரும்பும்போது சீகை மரங்களை வெட்டி அடுக்கியிருந்த ஒரு சரிவைப் பார்த்தோம். அந்நிய மரங்களை அகற்றும் வேலை. வெட்டுவது சுலபம், பிறகுதான் கஷ்டம் என்கிறார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டால், தீப் பட்டால் ஒன்றுக்குப் பத்தாக முளைக்கும். வெட்டிவிட்டுப் போனால் அடுத்த வருஷம் முன்னைவிட அடர்த்தி. இன்னொரு கட்சியும் இருக்கிறது: முதிர்ந்த சீகையின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தானாக வருகின்றன, அங்கே கை வைக்காதீர்கள் என்பவர்கள். எனக்கு இரண்டாவது கட்சி பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆனால் அது சோலை ஓரத்துக்குத்தான் பொருந்தும். புல்வெளி திரும்ப வேண்டுமானால் வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டின பிறகு வருஷக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து முளைப்பதையெல்லாம் பிடுங்கவும் வேண்டும்.

நாள் 3: நடுவட்டம் வழியாகக் கூடலூர்

கூடலூர் பஸ் ஒன்பதாவது மைல் தாண்டும்போது வெட்டவெளிப் புல் மேடுகள் வந்தன. சினிமாவில் டூயட் பாடுகிற மேடுகள். குட்டி கேட்டாள், "இதுல மரமே இல்லையே. இது அழிச்ச காடா?"

இல்லை. இது அழிக்காமல் விட்டது. மலை உச்சிப் பக்கம் பனி உறையும். மேட்டில் சோலைக் கன்று தாங்காது. பள்ளத்தில், ஓடை ஓரத்தில், காற்று படாத மடிப்பில்தான் சோலை. மேடெல்லாம் புல். சேண்டிநல்லா பக்கம் படிந்து கிடக்கும் கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்ததில், இந்தப் புல்வெளிகள் 20,000 வருஷத்துக்கும் பழையவை என்று தெரிந்தது. மழைத் தண்ணீரைப் புல் பிடித்து மெல்ல விட, பள்ளத்துச் சோலை வாங்கி ஓடைக்கு விடும். இரண்டும் சேர்ந்து ஒரே காடு.

"அப்ப புல்லை எடுத்தாலும் காடழிப்புதானா?"

பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு. வாட்டிலும் பைனும் வந்தன, அப்புறம் விவசாயம். அங்கே போய் நின்றால் எல்லாம் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். டூரிஸ்டுகள் பைன் மரத்தடியில் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்திருக்கிறேன்.

தோடர்கள் தங்கள் கோவிலை வேய்வதற்கென்று தனியாகப் புல் இருக்கிறது. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி வளைவான கூரை. அந்தப் புல்லுக்கு இப்போது தூரம் தொலைவு தேடிப் போகவேண்டியிருக்கிறது. எருமை மேய்ந்த இடத்தில் சீகை நின்றால் எருமை எங்கே போகும்? பஸ்ஸில் பூத்துக்குளி போர்த்திய தோடர் பாட்டி ஒருவர் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். குட்டிக்கு அந்தச் சிவப்பு கறுப்புத் தையலைத் தொட்டுப் பார்க்க ஆசை. கேட்கக் கூச்சம். பாட்டியே முனையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

நடுவட்டத்தில் இறங்கி டீ குடித்தோம். மலேரியாவுக்குக் கொயினா எடுக்கும் சின்கோனா மரத்தை 1860-களில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் இங்கேயும் வளர்த்தார்கள். சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். சின்கோனாவுக்குக் காட்டு மண்தான் ஒத்துவரும் என்று தேடித் தேடிச் சோலையைத் திருத்தி நட்டிருக்கிறார்கள். மலேரியாவுக்கு மருந்து கொடுத்த தோட்டம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குட்டி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

பைக்காரா அணையை வழியில் பஸ்ஸிலிருந்தே பார்த்தோம். இந்தத் தண்ணீர்தான் கீழே போய் மாயாறு ஆகி, பவானிசாகரில் விழுகிறது. பவானி ஆறு மேல் பவானிப் பக்கம் பிறந்து, கேரளாவுக்குள் போய், திரும்பி மேட்டுப்பாளையம் வருகிறது. திருப்பூருக்குக் குடிதண்ணீர் அந்த மேட்டுப்பாளையத்திலிருந்தும் குழாயில் வருகிறது. எங்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்ட காலத்தில் நாங்கள் திட்டாத ஆளில்லை. இந்தப் புல் மேட்டைப் பற்றி ஒருவரும் பேசினதில்லை.

நாள் 4: பந்தலூர்

நடுவட்டத்துக் குளிர் கூடலூர் இறங்கும்போது கழன்றுவிடுகிறது. பாக்கு, குருமிளகு, பலா. கடைப் பலகைகளில் மலையாளமும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவமழை நேராக மோதுகிற பக்கம் இது. தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்பார்கள். மேலே நாங்கள் பார்த்தது மலைச்சோலை. இங்கே இருந்தது அண்ணாந்து பார்க்கிற பசுமைமாறாக் காடு. இப்போது ஓடை ஓரத்திலும் உச்சிகளிலும் துண்டு துண்டாக நிற்கிறது.

இந்தக் காட்டுக்கு நேர்ந்ததை வரிசையாகச் சொன்னால் கதை மாதிரி இருக்கும். முதலில் காபி. 1870-களில் இலைநோய் வந்து காபி விழுந்தது. அந்தச் சமயத்தில் தேவாலா, பந்தலூர்ப் பாறையில் தங்கம் இருக்கிறது என்று கிளம்பியது. 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். சில வருஷத்தில் தங்கக் கனவும் கலைந்தது. சுரங்கக் குழிகள் இன்னும் இருக்கின்றன. அப்புறம் தேயிலை. அதற்கும் அப்புறம்தான் எங்கள் குடும்பம்.

1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தாயிற்று. அவர்களை யாரும் கேட்கவில்லை. வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நீலகிரியில் 1968-இல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. வனத்துறைதான் போட்டது, வன நிலத்தில். 1976-இல் அது டேன்டீ என்று தனிக் கழகமானது. என் அம்மாவின் அப்பா ஹட்டன் பக்கத்திலிருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயசு, சித்திக்கு ஆறு.

சித்தி வாசலிலேயே நின்றிருந்தது. "வாம்மா, வா புள்ள, ஆறு மணிக்கு முன்னாடி வந்தீங்களே, அதுவே போதும்." ஆறு மணிக்கு மேல் இங்கே ரோட்டில் நடமாட்டம் கிடையாது. ஆனை. நேற்று ராத்திரி கீழ் லைன் வீடுகள் பக்கம் பலா மரத்துக்கு வந்து நின்றதாம். ஆனை தேயிலையைத் தின்பதில்லை. ஒரு காட்டுத் துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தேயிலைக்குள்ளே நடந்து போகிறது. வழியில் வீடு, வீட்டில் அரிசி.

டீயும் வடையும் வந்தன. குட்டி பிரின்ட் எடுத்த தாளை விரித்து வைத்திருந்தாள். அமேசான்: மாட்டு மேய்ச்சல், சோயா. இந்தோனேசியா, மலேசியா: பாமாயில். சித்தி எட்டிப் பார்த்து, "பாமாயிலுக்கா காட்டை வெட்டுறாங்க?" என்றது. வடை சுட்டது ரேஷன் பாமாயிலில்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வடை எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளில் 'பூமியின் நுரையீரல்' என்றும் போட்டிருந்தது. எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை. முதிர்ந்த காடு விடுகிற ஆக்சிஜனைக் கிட்டத்தட்ட அதுவே செலவழித்துவிடுகிறது. காட்டின் பெரிய வேலை ஈரத்தை மேலே அனுப்பி மேகமாக்குவதும், கரியை மரத்திலும் மண்ணிலும் பூட்டி வைப்பதும். வெட்டி எரித்தால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும்.

அப்புறம் குட்டி கேட்டாள், "சின்னப் பாட்டி, இங்க காடு இருந்ததைப் பார்த்திருக்கீங்களா?"

சித்தி சொன்னதை முடிந்த அளவு அப்படியே எழுதுகிறேன்.

"வந்த மொத வருஷம் கொழுந்தே கெடையாது. காடுதான். அப்பாவுக்கு மரத்துப் பட்டை உரிக்கிற வேலை. ஒடனே வெட்ட மாட்டாங்க. இடுப்பு ஒசரத்துல சுத்தி, இந்தா, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை எடுத்துருவாங்க. ஒரு மரத்துக்கு ஒருத்தர் அரை நாளு. பெரிய மரம்னா ரெண்டு பேரு. எடுத்துட்டு விட்டுருவாங்க. மரம் நின்னுக்கிட்டேதான் இருக்கும். மெதுவா எலை பழுக்கும், கொட்டும். ஒரு மழை, ஒரு வெயிலு போன பொறகு மொத்தமாக் காஞ்சு நிக்கும். அப்பறந்தான் கோடாலி. அந்த வருஷம் பூரா நாங்க காஞ்ச காட்டுக்குள்ளதான் வெறகு பொறுக்குனோம். குருவிச் சத்தமே இருக்காது. எனக்குப் பயமா இருக்கும்னு அக்கா கையைப் புடிச்சுக்குவேன்."

ஏன் அப்படி என்று எனக்கு முன்பே ஒரு தோட்டத்துக்காரர் சொல்லியிருக்கிறார். பச்சை மரத்தை வெட்டினால் வேரில் மாவுச்சத்து மிஞ்சும். அழுகும் வேரில் காளான் பிடித்து, பக்கத்தில் நட்ட தேயிலை வேருக்குப் பரவும். பட்டையை உரித்துவிட்டால் இலையிலிருந்து வேருக்குச் சாப்பாடு இறங்காது, வேர் இருப்பதைத் தின்று தீர்த்துவிட்டுச் சாகும். சிலோன் தோட்டங்களில் தாத்தா கற்றுக்கொண்ட தொழில் அது. கைவேலை சுத்தமாக இருக்குமாம்.

குட்டி தாளில் இருந்த புல்டோசர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கொள்ளுத் தாத்தாதான் புல்டோசரா அத்தை?"

நான் திட்ட வாயெடுத்தேன். சித்தி சிரித்துவிட்டது. சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா புள்ள. புல்டோசருக்கு ஒரு நாளைக்கு ஒரு பேரு சம்பளம்" என்றது. இங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு மேலே தேயிலைக்குள் ஒரு நடை போனோம். தேயிலை மேல் ஒரே மட்டமாகப் போகும், கத்தரித்த தலை மாதிரி. ஓரிடத்தில் வட்டமாக வழுக்கை. ஏழெட்டுச் செடி நிற்கவேண்டிய இடம் காலி, ஓரத்தில் இரண்டு செடி இலை மஞ்சளாகி நிற்கிறது. குட்டிதான் முதலில் பார்த்தாள். "அது ஒரு அயினிப் பலா நின்ன எடம்" என்றது சித்தி. "பெரிய மரம். பட்டை உரிச்சும் ரெண்டு வருஷம் சாகல. பொறுக்க முடியாம பச்சையாவே வெட்டிட்டாங்க. மூணு தடவை புதுச் செடி வெச்சாச்சு. புடிக்கல." அம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குட்டி அந்த வட்டத்துக்குள் போய் நின்று, கையை விரித்து அகலம் பார்த்தாள். ஆறு எட்டு.

வேறொரு விஷயம் இந்தப் பக்கத்து ஆட்களே பலருக்குத் தெரிவதில்லை. இந்தியா முழுக்க மரம் வெட்டுவதைக் கட்டிப்போட்ட வழக்கு இந்தக் கூடலூர்க் காட்டிலிருந்துதான் கிளம்பியது. இங்கே நிலமெல்லாம் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்கிற அரச குடும்பத்து ஜன்ம நிலம், வழிவழிச் சொத்து. 1969-இல் தமிழ்நாடு ஜன்ம ஒழிப்புச் சட்டம் போட்டது. அரசு எடுத்துக்கொண்ட பிறகு காடு வெட்டுப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், அந்தக் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவில், பட்டா யார் பெயரில் இருந்தாலும், அகராதிப்படி காடு என்றால் அது காடுதான், மத்திய அரசு அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை கூடாது என்று சொன்னார்கள். அந்த வழக்கு பல வருஷம் நடந்தது. இதே ஊரில், அந்த ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் செக்‌ஷன் 17 நிலம் என்று சிக்கிக்கொண்டு, பட்டா இல்லாமல் இரண்டு தலைமுறையாக உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அதைத்தான் கூடலூரிலிருந்து தேவாலா வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

2022-இல் டேன்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திரும்பப் போயிற்று. கவ்வாத்து இல்லாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். அதன் நடுவே உண்ணிச்செடி ஏறும். ஆனைக்கு மறைவு கிடைக்கும். அது காடாக எத்தனை காலம் ஆகும் என்று சித்தியிடம் கேட்டால், "அப்பா இருந்தா கேக்கலாம்" என்கிறது.

நாள் 5: திரும்பும் வழி

ராத்திரி மழை. ஆனை வரவில்லை. காலையில் கரண்டும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் குட்டி புராஜெக்ட் எழுதிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் காரணங்கள், வலது பக்கம் விளைவுகள், நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. விறகுப் பஞ்சத்தை வலது பக்கம் எழுதிவிட்டு, கற்பூர மரம் நட்டதற்கு அதுவேதானே காரணம் என்று இடது பக்கமும் எழுதினாள். காபி நோயும் அப்படியே இரண்டு பக்கமும் வந்தது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு ஒயிட்னர் கேட்டாள். பந்தலூர் லைன் வீட்டில் ஒயிட்னருக்கு எங்கே போவது.

அமேசான் கிளியை முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். புல்டோசரை ஒட்டவில்லை. அந்த இடத்தில் நேற்று பார்த்த வட்டத்தைப் பென்சிலில் வரைந்து, சுற்றிலும் தேயிலையைப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். கீழே 'கொள்ளுத் தாத்தா வெட்டிய மரம்' என்று எழுதியிருந்தது.

ஏழரை பஸ். சித்தி ஒரு கிலோ டீத்தூளை நியூஸ் பேப்பரில் கட்டி, மேலே நூல் சுற்றி, என் பையில் திணித்தது. நோட்டை வாங்கித் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தது. கோபித்துக்கொள்ளுமோ என்று பார்த்தேன்.

"மேஸ்திரின்னு சேத்து எழுது புள்ள" என்றது. "கடைசி ரெண்டு வருஷம் அப்பா மேஸ்திரியா இருந்தாரு."

குட்டி பஸ்ஸில் ஏறின பிறகு மடியில் வைத்து எழுதினாள். வளைவுக்கு வளைவு எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.